வெள்ளையா, கறுப்பா? ஏரியில் கிராப்பி மீன் நிற்கும் இடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் வட்டாரத்தில் குடியிருந்துகொண்டு, சனிக்கிழமை காலைகளில் ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்காரத் தொடங்கியிருக்கும் நம்மவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். வட டெக்சஸ் ஏரிகளே எனக்கு அதிகம் பழக்கம் என்பதால் எடுத்துக்காட்டுகள் பலவும் இங்கிருந்தே வருகின்றன. ஆயினும் கிராப்பியின் குணம் மாநிலத்துக்கு மாநிலம் பெரிதாக மாறுவதில்லை. பருவம்தான் முன்பின்னாக வரும்.

கிராப்பி என்பது எப்படிப்பட்ட மீன்? அதில் எத்தனை வகை உண்டு?

வட அமெரிக்காவின் நன்னீரில் மட்டும் இயற்கையாக வாழ்ந்துவந்த 'சன்ஃபிஷ்' குடும்பத்து மீன் இது. நம் ஊர்க் குளங்களில் கிடைக்கும் ஜிலேபி மீனைவிடத் தட்டையான உடல், பெரிய கண், பெரிய வாய். அந்த வாயின் ஓரச் சவ்வு காகிதம்போல் மெல்லியது. வேகமாக வெட்டி இழுத்தால் கிழிந்துவிடும். அதனால்தான் இங்குள்ளவர்கள் இதைக் 'காகித வாயன்' என்று செல்லமாகச் சொல்கிறார்கள். லூசியானாவில் இதற்குச் 'சாக்கலே' என்று பெயர். ஃபுளோரிடாவில் 'ஸ்பெக்' என்பார்கள். கடையிலோ கரையிலோ இந்தப் பெயர்கள் காதில் விழுந்தால் வேறு மீன் என்று எண்ணிவிட வேண்டாம்.

வகை இரண்டுதான்: வெள்ளை கிராப்பி, கறுப்பு கிராப்பி. இவற்றின் அறிவியல் பெயர்கள் முறையே பொமாக்சிஸ் ஆனுலாரிஸ், பொமாக்சிஸ் நைக்ரோமாகுலாட்டஸ். மற்றபடி நீங்கள் கேள்விப்படும் கறுமூக்கு, மக்னோலியா போன்றவை இவ்விரண்டின் திரிபுகளோ கலப்புகளோ ஆகும்; அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பிடித்த மீன் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிறத்தை நம்பாதீர்கள். இனப்பெருக்கக் காலத்தில் வெள்ளை கிராப்பி ஆணின் தலையும் நெஞ்சும் கரியாய் இருண்டுவிடும். மார்ச் மாதத்தில் பலர் அதைக் கறுப்பு கிராப்பி என்று சொல்லிப் படம் அனுப்புவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் உள்ள கூரிய முட்களை எண்ணிப் பாருங்கள். 5 அல்லது 6 இருந்தால் வெள்ளை, 7 அல்லது 8 இருந்தால் கறுப்பு. உடலின் புள்ளிகளும் உதவும்: வெள்ளையில் அவை மேலிருந்து கீழாக மங்கலான பட்டைகளாகச் சேர்ந்து நிற்கும், கறுப்பில் மிளகுத்தூள் தூவியதுபோல ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். ஐயம் எழுந்தால் முள் எண்ணிக்கையே இறுதித் தீர்ப்பு.

எந்த வகை எந்த ஏரியில் இருக்கும்?

இந்தக் கேள்விக்கு ஏரிகளின் பெயர்ப்பட்டியலை எதிர்பார்த்துத்தான் பலரும் வருகிறார்கள். பட்டியலைவிடத் தண்ணீரின் நிறம் நல்ல வழிகாட்டி. வெள்ளை கிராப்பி கலங்கல் நீரைத் தாங்கும். செம்மண்ணும் களிமண்ணும் கரைந்து பால்விட்ட தேநீர்போல இருக்கும் நீர்த்தேக்கங்களிலும் அது நன்றாக வளரும். கறுப்பு கிராப்பிக்குத் தெளிந்த நீரும், நீர்த்தாவரங்களும், ஓரளவு குளிர்ச்சியும் வேண்டும். இதனால்தான் நீர்த்தாவரம் மண்டிய ஃபுளோரிடாவின் ஒக்கிசோபி ஏரியில் கிடைப்பதும், மினசோட்டாவில் பனிக்கட்டியைத் துளைத்துப் பிடிப்பதும் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கின்றன. மிசிசிப்பியின் எனிட், கிரனேடா போன்ற வெள்ளத்தடுப்பு நீர்த்தேக்கங்கள் வெள்ளை கிராப்பிக்குப் பேர்போனவை.

டெக்சஸில் டாலசுக்கு அருகிலுள்ள லவோன் ஏரியும், ஆஸ்டினுக்கு வடக்கே உள்ள கிரேஞ்சர் ஏரியும் கலங்கல் நீர் ஏரிகள். அங்கே வெள்ளை கிராப்பியை எதிர்பார்த்துச் செல்லுங்கள். டாலசுக்குக் கிழக்கே உள்ள ஃபோர்க் ஏரியில் இரண்டும் உண்டு. அந்த ஏரியில் நீர் தேக்கியபோது காட்டை முழுவதும் வெட்டாமல் விட்டதால் இன்றும் பட்ட மரங்கள் நீருக்குள் நிற்கின்றன. கிராப்பிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஏரியின் குணம் மாறினால் மீனின் வகையும் மாறும் என்பதற்கு டென்னசி ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உருவான கென்டக்கி ஏரி நல்ல சான்று. ஒரு காலத்தில் வெள்ளை கிராப்பியே மிகுந்திருந்த அந்த ஏரியில், 1980களுக்குப் பிறகு நீர் தெளிந்து நீர்த்தாவரங்கள் பெருகவே கறுப்பு கிராப்பியின் பங்கு கூடியது. ஆகவே இருபது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் சொன்ன தகவலை அப்படியே பிடித்துக்கொண்டு ஏரிக்குச் செல்வது சரியாக வராது.

ஒரே ஏரியில் இரண்டு வகையும் இருந்தால் எங்கே பிரித்துத் தேடுவது?

நீர்த்தேக்கம் எதுவாயினும் ஆறு வந்து விழும் மேல்முனை கலங்கலாகவும், அணைக்கட்டுப் பக்கம் தெளிவாகவும் இருப்பது வழக்கம். எனவே மேல்முனையில் வெள்ளையையும், அணைப்பக்கத்து ஓடைமுகங்களில் கறுப்பையும் தேடலாம். நான் கைக்கொள்ளும் எளிய சோதனை ஒன்று உண்டு: வெள்ளை நிற ஜிக் (ஈயத் தலை வைத்த முள்ளாலான செயற்கை இரை) ஒன்றை நீருக்குள் மெல்ல இறக்கி, கண்ணிலிருந்து மறையும் ஆழத்தைக் கவனிப்பேன். ஓர் அடி, ஒன்றரை அடியிலேயே மறைந்தால் அது வெள்ளை கிராப்பியின் இடம் என்று கொள்வேன். மூன்று நான்கு அடி வரை தெரிந்தால் கறுப்புக்கு வாய்ப்பு அதிகம். இது என் கைக்கணக்கு, விதி அன்று.

ஒதுங்கும் இடத்திலும் சிறு வேறுபாடு உண்டு. கறுப்பு கிராப்பி நாணல் ஓரம், நீர்த்தாவரத் திட்டின் விளிம்பு, படகுத்துறையின் நிழல் ஆகியவற்றை நெருங்கி நிற்கும். வெள்ளை கிராப்பி மூழ்கிய மரக்கிளைகளையும் அடிமரங்களையும் சார்ந்திருந்தாலும், ஷாட் எனப்படும் சிறுமீன் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு எந்த மறைப்பும் இல்லாத நடு ஏரிக்கும் போய்விடும்.

வசந்த காலத்தில் கரையோரம் வருகிறது என்கிறார்களே, எப்போது, எங்கே?

ஆண்டு முழுவதும் கரையில் நிற்பவருக்குக் கிராப்பி எட்டிப்பிடிக்கும் தூரத்துக்கு வருவது இந்தச் சில வாரங்களில்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாட்காட்டியைப் பார்க்காமல் நீரின் வெப்பத்தைப் பாருங்கள். குளிர்காலம் முழுவதும் ஓடைப்பள்ளங்களில் கிடந்த மீன்கள், நீர் 50 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் அந்தப் பள்ளங்களின் வழியாகவே, ஊருக்குத் திரும்பும் ஒற்றையடிப் பாதையைப் போல, விரிகுடாக்களின் உட்புறம் நோக்கி நகரும். 60 முதல் 68 டிகிரிக்குள், அதாவது ஏறக்குறைய 16 முதல் 20 டிகிரி செல்சியசுக்குள் முட்டையிடும். தென் டெக்சஸில் இது பிப்ரவரி இறுதியிலேயே தொடங்கிவிடும்; டாலஸ் பக்கம் மார்ச், ஏப்ரல்; டென்னசியில் ஏப்ரல்; மினசோட்டாவில் மே மாதமும் ஜூன் தொடக்கமும் ஆகிவிடும்.

காற்று அடிக்காத, காலை வெயில் நேரே விழுகிற வடகரை விரிகுடாக்கள் முதலில் சூடேறும். ஆகவே பருவத்தின் முதல் மீன்கள் அங்கேதான் அகப்படும். ஆண் மீன் முன்னதாக வந்து, இரண்டு முதல் ஆறு அடி ஆழத்தில் கூழாங்கல் அல்லது கெட்டியான தரையைத் துடுப்பால் துப்புரவாக்கிக் கூடு அமைக்கும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டு ஆழத்துக்குத் திரும்பிவிடும். குஞ்சுகள் கலைந்து செல்லும் வரை காவல் இருப்பது ஆண்தான். நீர் கலங்கியிருந்தால் முழங்கால் ஆழத்தில்கூட மீன் நிற்கும். தெளிந்திருந்தால் சற்று ஆழத்திலேயே கூடு கட்டும். எனவே கறுப்பு கிராப்பி ஏரியில் கரையை ஒட்டி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால், தூண்டிலை இன்னும் பத்தடி உள்ளே தள்ளிப் போட்டுப் பாருங்கள்.

இடையில் ஒரு குளிர்காற்று வீசி நீர் ஐந்து டிகிரி இறங்கினால், நேற்று வரை குவிந்திருந்த மீன்கள் அடுத்த ஆழமான விளிம்புக்குப் பின்வாங்கிவிடும். அவை போய்விடவில்லை, அருகிலேயே இருக்கின்றன. இரண்டு நாள் வெயிலில் மீண்டும் வரும்.

கோடையில் எங்கே போகின்றன?

ஆழமான ஏரிகளில் மேலே சூடான நீரும் கீழே குளிர்ந்த நீரும் தனித்தனி அடுக்குகளாகப் பிரிந்துவிடும். கீழடுக்கில் குளிர்ச்சி உண்டு, ஆக்சிஜன் இல்லை. ஆகவே எவ்வளவு வெயில் அடித்தாலும் மீன் அங்கே இறங்காது. இரண்டு அடுக்குகளும் சந்திக்கும் எல்லைக்குச் சற்று மேலே, மூழ்கிய மரக்கிளைக் குவியல்களிலும் பாலத் தூண்களிலும் அது தொங்கிக்கொண்டிருக்கும். மீன்தேடும் சோனார் கருவியில் அந்த எல்லை ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே தூண்டில் போடுவது நேரத்தை வீணாக்குவதே.

இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும்?

இலையுதிர்காலத்தில் நீரடுக்குகள் கலந்துவிடுவதால் மீன் எங்கும் சிதறி, ஷாட் கூட்டங்களைத் தொடர்ந்து ஓடைகளுக்குள் செல்லும். தேடுவதற்கு அலுப்பான பருவம் இது என்பது என் கருத்து. குளிர்காலம் அப்படியன்று. மீன்கள் 15 முதல் 30 அடி ஆழத்தில் ஓடைப்பள்ளங்களின் வளைவுகளில் நெருக்கமாகக் குவிந்து, அசையாமல் கிடக்கும். ஒன்று கிடைத்த இடத்தில் இருபது கிடைக்கும். படகு வைத்திருப்பவர்கள் சனவரியை விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

என்னிடம் படகு இல்லை. கரையிலிருந்து எங்கே போடலாம்?

சாலைப் பாலங்களே என் முதல் பரிந்துரை. பாலத்தின் அடியில் நிழலும், தூண்களில் பாசியும், பாசியைத் தேடி வரும் சிறுமீன்களும் உண்டு. பல பாலங்கள் பழைய ஓடையின் மேலேயே கட்டப்பட்டிருப்பதால் ஆழமும் பக்கத்திலேயே கிடைத்துவிடும். பாலத்தை ஏறும் கரைச்சரிவில் கொட்டியிருக்கும் பெரிய கற்கள் வசந்த காலத்தில் வெயிலை வாங்கி நீரைச் சூடாக்குவதால் அங்கும் மீன் ஒதுங்கும். அதற்கடுத்தபடி, பூங்காக்களிலுள்ள மீன்பிடி மேடைகள். பல இடங்களில் மேடையைச் சுற்றி மரக்கிளைகளைக் கட்டி மூழ்கடித்திருப்பார்கள்; பயன்படுத்தி எறிந்த கிறிஸ்துமஸ் மரங்களும் இதற்குப் பயன்படுகின்றன. டெக்சஸ் பூங்கா வனவிலங்குத் துறை பல ஏரிகளில் இப்படி இறக்கிய குவியல்களின் இருப்பிடக் குறியீடுகளைத் தன் இணையப் பக்கத்தில் இலவசமாகவே தருகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்றாண்டுகள் அலைந்தவன் நான்.

தனியார் படகுத்துறைகளின் நிழலும் நல்ல இடம்தான். ஆனால் அடுத்தவர் நிலத்தில் கால்வைக்காமல், நீரிலிருந்து மட்டுமே அங்கே தூண்டில் போட வேண்டும்.

இருபது நிமிடத்தில் ஒரு கடியும் இல்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். கெண்டை மீனுக்குக் காத்திருப்பதுபோல இதற்குக் காத்திருக்கக் கூடாது. கிராப்பி கூட்டமாக நிற்கும் மீன். இருந்தால் உடனே தெரியும்.

சரியான இடத்தில் போட்டும் கிடைக்கவில்லை. ஏன்?

பத்துக்கு எட்டுத் தடவை காரணம் ஆழம். கிராப்பியின் கண்கள் மேல்நோக்கி அமைந்தவை. தனக்கு மேலே போகும் இரையை அது ஏறி வந்து எடுக்கும், கீழே கிடப்பதைப் பெரும்பாலும் குனிந்து பார்க்காது. நான் முதன்முதலில் லவோன் ஏரியின் பாலம் ஒன்றின் அடியில், நம் ஊர் வழக்கப்படி ஈயத்தைத் தரையில் படிய விட்டுக் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த முதியவர் தொடர்ந்து மீனை எடுத்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தவர் எழுந்து வந்து, என் தக்கையை நரம்பில் ஆறடி கீழே இறக்கிக் கட்டிவிட்டு, மீன்கள் உங்கள் இரைக்கு மேலே நிற்கின்றன என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அன்று இன்னொன்றையும் கற்றேன். தக்கை அமிழும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அது அமிழவில்லை. நேராக நின்றுகொண்டிருந்த தக்கை மெல்லச் சாய்ந்து, தண்ணீர்மேல் படுத்துவிட்டது. காற்று என்று நினைத்தேன். கீழிருந்து ஏறி வந்த மீன் இரையைக் கவ்வி மேலே தூக்கியதால் ஈயத்தின் பாரம் நீங்கித் தக்கை படுத்திருக்கிறது. தக்கை படுத்தாலும் மணிக்கட்டை மட்டும் லேசாக உயர்த்துங்கள். காகித வாய் என்பதை மறந்து சுண்டி இழுத்தால் மீன் போய்விடும். கரைக்கு அருகில் வந்ததும் கைவலையால் ஏந்துவது நல்லது.

தூண்டிலும் இரையும் எப்படி இருக்க வேண்டும்?

மென்மையான சிறு கோல், 4 முதல் 6 பவுண்டு தாங்கும் நரம்பு, மெல்லிய கம்பியாலான முள். மரக்கிளையில் சிக்கினால் இந்த மெல்லிய முள் வளைந்து நிமிர்ந்து வெளியே வந்துவிடும். தடித்த முள்ளானால் நரம்பை அறுக்க வேண்டிவரும். இரைக்கு மின்னோ எனப்படும் உயிருள்ள சிறுமீன்கள் சிறந்தவை. செயற்கை இரை என்றால் 1/16 அல்லது 1/32 அவுன்சு ஜிக் போதும். 1/16 அவுன்சு ஜிக் ஏறக்குறைய வினாடிக்கு ஓரடி வீதம் இறங்கும் என்பதால், மனத்துக்குள் எண்ணிக்கொண்டே வந்தால் மீன் எந்த ஆழத்தில் எடுத்தது என்று தெரிந்துவிடும். அடுத்த வீச்சிலும் அதே எண்ணிக்கையில் நிறுத்தலாம்.

இரவில் கிடைக்குமா?

நன்றாகவே கிடைக்கும், அதிலும் கோடையில். நீருக்குள் பச்சை விளக்கை இறக்கினால் நுண்ணுயிர்கள் ஒளியை மொய்க்கும், அவற்றைத் தேடி ஷாட் வரும், ஷாட்டைத் தேடிக் கிராப்பி வரும். ஒளிவட்டத்தின் நடுவே போடாமல், வெளிச்சமும் இருளும் சேரும் விளிம்பில் போடுங்கள்.

கறுமூக்கு, மக்னோலியா என்பவை என்ன?

கறுமூக்கு என்பது உதட்டிலிருந்து முதுகுத் துடுப்பு வரை கறுப்புப் பட்டை ஓடும் கறுப்பு கிராப்பிதான். மரபணுத் திரிபு ஒன்றால் வரும் அடையாளம். பார்த்தவுடன் பிரித்தறிய முடிவதால் டென்னசி போன்ற மாநிலங்கள் தாங்கள் வளர்த்துவிடும் மீனுக்கு இதைப் பயன்படுத்தியுள்ளன. மக்னோலியா என்பது மிசிசிப்பி மாநிலப் பொரிப்பகத்தில் வெள்ளைப் பெண்ணையும் கறுமூக்கு ஆணையும் சேர்த்து உருவாக்கும் கலப்பு. அது இனம்பெருக்காதபடி வளர்க்கப்படுகிறது. சிறு ஏரிகளில் கிராப்பி அளவுக்கு மீறிப் பெருகி, எல்லாமே விரல் நீளத்தில் நின்றுவிடும் தொல்லைக்கு அது மாற்று.

பெரிய மீன் எங்கே கிடைக்கும்?

வெள்ளை கிராப்பியின் உலகச் சாதனை 1957இல் மிசிசிப்பியின் எனிட் ஏரியில் பிடிபட்ட 5 பவுண்டு 3 அவுன்சு மீன், இன்றளவும் முறியடிக்கப்படவில்லை. கறுப்பில் 2018இல் டென்னசியின் ஒரு குட்டையில் பிடிபட்ட மீன் 5 பவுண்டு 7 அவுன்சைத் தாண்டியது. நம் கணக்கில் ஒரு பவுண்டு மீனே நல்ல மீன். இரண்டு பவுண்டு என்றால் படம் எடுத்துக்கொள்ளலாம்.

உரிமமும் அளவு விதியும் என்ன?

டெக்சஸில் 17 வயது நிரம்பியவர்களுக்கு உரிமம் வேண்டும்; மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து பிடிப்பதற்குத் தேவையில்லை. வெள்ளை, கறுப்பு, கலப்பு எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு ஒருவர் 25 மீன் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் குறைந்தது 10 அங்குலம் இருக்க வேண்டும். ஃபோர்க் ஏரியிலும் லேக் ஓ த பைன்ஸ் ஏரியிலும் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை நேர்மாறான விதி: அளவு வரம்பு இல்லை, பிடித்த எதையும் திரும்ப விடவும் கூடாது. குளிர்காலத்தில் பேராழத்திலிருந்து இழுத்த மீனின் காற்றுப்பை வீங்கிவிடுவதால், அதை விட்டாலும் பிழைப்பது அரிது என்பதே இதன் காரணம். 25 எண்ணிக்கை ஆனதும் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். விதிகள் ஆண்டுதோறும் செப்டம்பரில் திருத்தப்படக்கூடும். புறப்படும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சமைக்க எப்படி?

வெள்ளைச் சதை, வாடை குறைவு, ஆனால் மென்மையானது. வெயிலில் ஒரு மணி நேரம் வாளியில் கிடந்தாலே குழைந்துவிடும். பிடித்ததும் பனிக்கட்டிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். குழம்பில் போட்டால் சதை உதிர்ந்து முள்தான் மிஞ்சுகிறது என்பது என் வீட்டு அனுபவம். கை அகல மீனைச் செதில் நீக்கி, இருபுறமும் கீறி, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு, உப்பு தடவி அரைமணி நேரம் ஊறவைத்துத் தோசைக்கல்லில் பொரித்தால் முள்ளோடு மொறுமொறுப்பாக வரும். தட்டையான மீன் என்பதால் ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடம் போதும். அடிக்கடி திருப்பினால் உடைந்துவிடும்.